கவுன்டர்-ஸ்ட்ரைக் 2: மேப் கற்கவும் அணியாக ஆடவும் எவ்வளவு கைகொடுக்கிறது?

பழைய குளோபல் ஒஃபென்சிவுக்குப் பதிலாக கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ஐ 2023 செப்டம்பர் 27 அன்று வால்வ் நிறுவனம் வெளியிட்டது. ஐவர் கொண்ட இரண்டு அணிகள் மோதும் துப்பாக்கி கேம் இது: டி (பயங்கரவாதிகள்) அணி ஏ, பி என்ற இரண்டு பாம் சைட்டுகளில் ஒன்றில் பாம் வைக்கப் பார்க்கும், சிடி (எதிர்ப்புப் படை) அணி அதைத் தடுக்கும். குறி பார்ப்பது, மவுஸ் வேகம், துப்பாக்கி உதறல் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த மதிப்புரை இரண்டு விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒரு மேப்பை உருப்படியாகக் கற்றுக்கொள்ள இந்த கேம் என்ன தருகிறது? ஐந்து பேர் ஓர் அணியாக ஆட எந்த அளவு வழிசெய்கிறது? முதல் விஷயத்தில் இதற்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். கருவிகள் அத்தனையும் உள்ளேயே இருக்கின்றன, ஆனால் அவை இருப்பதாக யாரும் சொல்வதில்லை. புதிதாக வருபவருக்குப் பயிற்சி வகுப்பு என்று எதுவும் கிடையாது, நேராக ஆட்டத்தில் இறக்கிவிடுகிறது. இரண்டாவது விஷயம் முக்கால்வாசி கூட ஆடுபவர்களைப் பொறுத்தது.

மேப் தெரியும் என்று பலர் சொல்வது வழி தெரியும் என்ற அளவில்தான். ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 55 நொடி. எதிரணி எந்த நொடியில் எந்த மூலையில் தலைகாட்ட முடியும் என்பது மனதில் ஓடினால்தான் மேப் கைக்கு வந்ததாக அர்த்தம். அதைப் பழக எளிய வழி ஒன்று உண்டு. தனியாக ஒரு பிராக்டிஸ் ஆட்டம் திறந்து, ஒரு பக்கத்தின் தொடக்க இடத்திலிருந்து கத்தியைக் கையில் பிடித்து ஓடுங்கள். மோதல் நடக்கும் ஒவ்வோர் இடத்தையும் அடையும்போது மேலே கடிகாரம் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அதையே செய்யுங்கள். கத்தியோடு ஓடும் வேகம் கேமின் அளவில் நொடிக்கு 250 யூனிட், ஏகே-47 கையில் இருந்தால் 215, ஏடபிள்யூபி ஸ்னைப்பர் துப்பாக்கி என்றால் 200. கத்தியை எடுத்தே எல்லோரும் ஓடுவதால் கத்தி வேகத்தில் கணக்கு வைத்தால் போதும். மிராஜ் மேப்பில் மிட், இன்ஃபெர்னோவில் பனானா, டஸ்ட் 2-வில் லாங் ஆகிய மூன்று இடங்களின் கணக்கு தெரிந்தாலே, வெற்று மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரம் பெரிதும் குறையும்.

இந்த பிராக்டிஸ் வசதிதான் கேமின் பெரிய பலம். தீராத குண்டுகள், பாட்கள் (கணினி ஆட்டும் வீரர்கள்) இல்லாத மேப், கிரனேட் கேமரா ஆகியவற்றை அமைப்பிலேயே தேர்ந்தெடுக்கலாம். கிரனேட் கேமரா போட்டிருந்தால், ஸ்மோக்கை (புகைக்குண்டு) கையில் பிடித்து பட்டனை அழுத்திக்கொண்டே குறி பார்க்கும்போது அது எங்கே போய் விழும் என்பதை ஒரு சிறு சன்னல் காட்டும். எறிந்துவிட்டு ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியதில்லை. லைனப் ரெட்டிக்கிள் என்று ஒரு தேர்வும் உண்டு. கிரனேட்டைப் பிடித்திருக்கும்போது குறியின் கோடுகளை நீட்டிக் காட்டும், சுவரின் விளிம்பையோ கூரை முனையையோ அடையாளமாக வைத்துக்கொள்ள வசதி. இடது பட்டன் முழு வீச்சு, வலது பட்டன் காலடியில் போடும் வீச்சு, இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நடுத்தர வீச்சு. குதித்து எறிவதும் இப்போது சீராக வேலை செய்கிறது. கொஞ்சம் முந்தியோ பிந்தியோ விட்டாலும் ஒரே இடத்தில் விழும். முன்பு இதற்காகவே குதிப்பதையும் எறிவதையும் ஒரே பட்டனில் கட்டி வைத்திருந்தார்கள். 2024 ஆகஸ்டில் அந்தமாதிரி கட்டுகளுக்குத் தடை வந்துவிட்டது, இனி அவை தேவையும் இல்லை.

நெருக்கமாக ஓர் உதாரணம் பார்ப்போம். மிராஜில் ஏ சைட்டுக்குள் நுழைய மூன்று இடங்களில் ஸ்மோக் வேண்டும்: சிடி (சிடி அணி வரும் வழி), ஸ்டேர்ஸ், ஜங்கிள். மூன்றையும் டி ரேம்ப் பக்கத்திலிருந்தே எறிய முடியும், ஆளுக்கு ஒன்று. இதில் அதிகம் சொதப்புவது ஜங்கிள் ஸ்மோக். கொஞ்சம் தள்ளி விழுந்தால் ஜங்கிளை ஒட்டிய கனெக்டர் வாசல் திறந்தே கிடக்கும், சைட்டில் இறங்குபவரை அங்கே நிற்பவர் பக்கவாட்டில் சுட்டுத் தள்ளுவார். அதனால் ஸ்மோக் பூத்த பிறகு கனெக்டர் கோணத்தைக் கவனிப்பது யார் வேலை என்று எறியும் முன்பே பேசி வைக்க வேண்டும். இன்னொரு வழக்கமான தவறு, மூன்று ஸ்மோக்கும் விழுந்த பிறகும் ஐந்து பேரும் ரேம்பிலேயே நிற்பது. யாராவது முதலில் போகட்டும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் புகை கலைந்துவிடும். ஸ்மோக் கற்றுக்கொண்டவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். எறிவது பாதி வேலை. பூக்கும் அந்த நொடியில் கால் வைப்பது மீதிப் பாதி.

புகையின் தன்மையே இந்தப் பதிப்பில் மாறிவிட்டது. அது இடத்தை நிரப்பிக்கொண்டு பரவுகிறது. குறுகிய வழியில் விழுந்தால் நீண்டு படரும், வாசல் வழியாக அந்தப் பக்கம் கசியும். இரண்டு அணிக்கும் புகை ஒரே மாதிரி தெரிவதால், ஒரு பக்கம் மட்டும் பார்க்க முடிந்த பழைய ஒருவழி ஸ்மோக் தந்திரங்களில் பெரும்பாலானவை செல்லாது. ஹெச்இ கிரனேட் வெடித்தால் புகையில் சில கணம் ஓட்டை விழும், தோட்டாவும் கீறல் விட்டுச் செல்லும். சிடி ஆடுபவருக்கு இது பெரிய ஆயுதம். புகை பூத்ததும் ஒருவர் ஹெச்இ எறிய, இன்னொருவர் அதே கணம் அந்த ஓட்டை வழியாகச் சுட வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்யப் போனால் துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்குள் ஓட்டை மூடிவிடும்.

அடுத்தது கால்அவுட், அதாவது இடத்தின் பெயரைச் சொல்லித் தகவல் கொடுப்பது. ரேடாரை (திரை மூலையில் உள்ள சிறு வரைபடம்) ஒட்டி நீங்கள் நிற்கும் இடத்தின் பெயரை கேம் காட்டிக்கொண்டே இருக்கும், புதியவருக்கு இது பெரிய உதவி. ஆனால் அந்தப் பெயரும் ஆடுபவர்கள் சொல்லும் பெயரும் பல இடங்களில் ஒத்துப்போகாது. மிராஜில் எல்லோரும் விண்டோ என்பதை கேம் ஸ்னைப்பர்ஸ் நெஸ்ட் என்கிறது. எல்லோரும் வேன் என்பதை டிரக் என்கிறது. அதைத் திருத்திக்கொள்ள வால்வ் ஏன் மெனக்கெடவில்லை என்பது புரியவில்லை. ஆகவே கேம் காட்டும் பெயரை அப்படியே மனப்பாடம் செய்யாமல், ஒரு மேப்புக்கு இருபது இடங்களின் புழக்கப் பெயரைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. பெயர் தெரியாத இடத்தில் எதிரியைப் பார்த்தால் "அங்கே, அங்கே" என்று கத்துவதால் பயன் இல்லை. பிங் பட்டனை அழுத்துங்கள், மவுஸின் நடு பட்டன்தான் வழக்கமாக அதற்கு. குறியிட்ட இடம் உங்கள் அணியில் எல்லோர் திரையிலும் தெரியும்.

ரேடாரை இருக்கிறபடி விட்டுவிடாதீர்கள். அமைப்பில் ஆடுபவரை நடுவில் வைக்கும் தேர்வை அணைத்துவிட்டு, முழு மேப்பும் தெரியும் அளவுக்கு ஜூமைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் சக வீரர் மறுமுனையில் பார்த்த எதிரியின் சிவப்புப் புள்ளி உங்கள் ரேடாருக்கு வெளியே போய்விடும். ஓடும்போது ரேடாரில் உங்களைச் சுற்றி வரும் வெள்ளை வட்டத்தையும் கவனியுங்கள். உங்கள் காலடி எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை அது காட்டுகிறது. அந்த வட்டம் ஒரு சுவரைத் தாண்டினால், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் காலடி கேட்டிருக்கும்.

எந்த மோடில் கற்பது? கேஷுவலில் பக்கத்துக்குப் பத்துப் பேர், கூச்சலில் ஒன்றும் புரியாது. வழி பழக மட்டும் சரி. செத்ததும் உடனே மீண்டும் முளைக்கும் டெத்மேட்ச் கைக்குப் பயிற்சி, மேப்புக்கு அல்ல. பின்னாலிருந்தெல்லாம் ஆள் முளைப்பதால் ஒரு கோணத்தைப் பொறுமையாகப் பிடிக்கும் பழக்கமே கெட்டுவிடும். நான் பரிந்துரைப்பது விங்மேன். இருவருக்கு இருவர், ஒரே ஒரு பாம் சைட், 9 ரவுண்ட் எடுத்தால் வெற்றி. ஒரு சைட்டின் மூலை முடுக்கெல்லாம் மனதில் பதியும், ஜோடியாக நுழைவதும் பழகும். அதன்பின் ஐவருக்கு ஐவர் ஆடும் காம்பெடிட்டிவ். இங்கே ஒவ்வொரு மேப்புக்கும் தனித்தனி ரேங்க் என்பது நல்ல யோசனை. புது மேப் ஒன்றை எடுத்து ஆடினால் பழைய மேப்பில் சம்பாதித்த ரேங்க் கெடாது.

பிரீமியர் என்ற தரவரிசை மோடில் மேப்பைத் தேர்ந்தெடுப்பதே ஆட்டத்தின் ஒரு பகுதி. 7 மேப்பில் ஓர் அணி 2-ஐ நீக்கும், மற்ற அணி 3-ஐ நீக்கும், முதல் அணி மீதி இரண்டில் ஒன்றை எடுக்கும், மற்ற அணி எந்தப் பக்கம் தொடங்குவது என்று முடிவு செய்யும். இதைக் கணக்குப் போட்டால் ஒரு விஷயம் தெளிவாகும். அணிக்கு 4 மேப் தெரிந்திருந்தால், எந்த வரிசையில் இருந்தாலும் தெரியாத மேப்பில் மாட்டவே முடியாது. 3 மட்டும் தெரிந்தால், எதிரணி அந்த மூன்றையும் நீக்கிவிட வாய்ப்புண்டு. ஏழையும் ஒரே சமயத்தில் படிக்க முயல்வது வீண். தவிர, பட்டியலும் மாறிக்கொண்டிருக்கும். 2025 தொடக்கத்தில் வெர்டிகோ போய் டிரெயின் வந்தது, அதே ஆண்டு ஜூலையில் அனூபிஸ் போய் ஓவர்பாஸ் வந்தது.

அணியாக ஆடுவதை இந்த கேம் உண்மையில் கற்றுக்கொடுப்பது பணத்தின் மூலம்தான், இந்த வடிவமைப்பை மனமாரப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு பாதியின் முதல் ரவுண்டான பிஸ்டல் ரவுண்டில் ஆளுக்கு 800 டாலர் (கேமுக்குள் உள்ள பணம்). ஏகே 2700, ஹெல்மெட்டோடு கவசம் 1000, ஸ்மோக் 300, கண்ணைக் கூசவைக்கும் ஃப்ளாஷ் 200, தீ மூட்டும் மாலடவ் 400, ஆக முழுதாக வாங்க 4600. தோற்ற அணிக்குக் கிடைக்கும் தொகை 1400-இல் தொடங்கி ஒவ்வொரு தோல்விக்கும் 500 ஏறி 3400 வரை போகும். நால்வர் சேமிக்கும்போது ஒருவர் மட்டும் கையில் இருப்பதையெல்லாம் செலவழித்தால் அந்த ரவுண்டும் போகும், அடுத்த ரவுண்டில் நால்வர் ஏகேயோடு நிற்க அவர் மட்டும் பிஸ்டலோடு நிற்பார். வாங்கும் பக்கத்திலேயே அடுத்த ரவுண்டில் குறைந்தது எவ்வளவு இருக்கும் என்று காட்டுகிறது, கூட்டாளிகளின் பணமும் தெரிகிறது, தவறாக வாங்கியதை நேரம் முடிவதற்குள் திருப்பிக் கொடுக்கலாம். பணம் அதிகம் உள்ளவர் ஒரு துப்பாக்கி கூடுதலாக வாங்கிக் கீழே போடுவது இங்கே சாதாரண நாகரிகம்.

நுழையும்போது முதல் ஆள் சாவது பிரச்சினை இல்லை, அவரைச் சுட்டவர் உயிரோடு தப்புவதுதான் பிரச்சினை. இரண்டாவது ஆள் ஒரு நொடிக்குள் அதே கோணத்தில் சுடும் தூரத்தில் இருக்க வேண்டும், அதைத்தான் டிரேட் என்கிறார்கள். பாம் வைத்திருப்பவர் முன்னால் போகக்கூடாது. சிடி பக்கம் அதிகம் நடக்கும் தவறு அவசர ரொட்டேட், அதாவது ஒரு சைட்டை விட்டு மற்றதற்கு ஓடுவது. பியில் ஒரு ஸ்மோக் விழுந்ததும் ஏயிலிருந்து மூவரும் ஓடினால், எதிரணி நடந்தே ஏயில் பாம் வைத்துவிடும். எதிரிகளில் எத்தனை பேரைக் கண்ணால் பார்த்தோம், பாமைப் பார்த்தோமா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வரும்வரை ஓர் ஆளாவது இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும்.

பாம் வைத்த பிறகு அது வெடிக்க 40 நொடி. கிட் என்ற கருவி இருந்தால் செயலிழக்க வைக்க 5 நொடி, இல்லையென்றால் 10. கிட்டின் விலை 400 டாலர். ஒலி அமைப்பில் பத்து நொடி எச்சரிக்கையை (வெடிக்கப் பத்து நொடி இருக்கும்போது ஒலிக்கும் இசை) முழுக்கக் குறைத்து வைப்பவர்கள் உண்டு, அது தவறு. அந்த இசை ஒலிக்கத் தொடங்கும்போது நீங்கள் இன்னும் பாமில் கை வைக்கவில்லை, கிட்டும் இல்லை என்றால், அந்த ரவுண்ட் முடிந்தது. துப்பாக்கியைக் காப்பாற்றிக்கொண்டு ஓடலாம்.

தனியாக ஆடுபவருக்கு இந்த கேம் கடினம், மறைக்காமல் சொல்ல வேண்டியது இது. கூட வருபவர்கள் வேறு மொழி பேசலாம், மைக் இல்லாமல் இருக்கலாம், திட்டிக்கொண்டே இருக்கலாம். திட்டுபவரை உடனே மியூட் செய்துவிட்டு அவருக்குத் தகவலை பிங் வழியாகக் கொடுப்பது போதும். உங்கள் பக்கத்தில் நல்ல தகவலின் வடிவம் சுருக்கமானது: இடம், எத்தனை பேர், எவ்வளவு அடிபட்டிருக்கிறார். "பேலஸ் இரண்டு, ஒருவருக்கு 60 அடி" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இறந்தவர் பேச்சு கடைசியில் மிஞ்சியவருக்குக் கேட்கும் என்பதால், அவருக்குக் காலடி கேட்க வேண்டிய நேரத்தில் அறிவுரை சொல்வது அவரைக் கொல்வதற்குச் சமம். நியூக்கில் இது இன்னும் மோசம். இரண்டு பாம் சைட்டும் மேலும் கீழுமாக இருப்பதால், காலடி மேல்தளத்திலா கீழ்த்தளத்திலா என்று பிரிப்பது அமைதியிலேயே கடினம். நியூக்கை முதல் மேப்பாக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மிராஜ், அதன்பின் இன்ஃபெர்னோ என்று போவது நல்லது.

ஆடி முடித்த ஆட்டங்களை கேமுக்குள்ளேயே இறக்கிப் பார்க்கலாம். உங்களை விடுங்கள், உங்களைக் கொன்றவரின் கண் வழியாகப் பாருங்கள். தோற்ற ரவுண்டுகளை மட்டும் எடுத்து, நீங்கள் சாவதற்குப் பதினைந்து நொடி முன்னிருந்து ஓட்டினால், அவர் எந்த வழியாக வந்தார், உங்கள் காலடி கேட்டுத்தான் திரும்பினாரா, உங்கள் கூட்டாளி அப்போது எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்பது எல்லாம் தெரிந்துவிடும்.