ஜார்ஜ்டவுனில் தமிழில் ஒரு சட்ட வகுப்பு

வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் எனக்கு, சரக்கு ஜப்தியான அன்று பதறி ஓடிவரும் கடைக்காரரிடம் என்ன சொல்வது என்பது நெடுநாள் சங்கடம். அதனால்தான் பினாங்கின் லெபோ லைட் சாலையிலுள்ள உயர்நீதிமன்றத்துக்கு அருகே நடைபெற்ற மூன்று மணி நேர வகுப்பில் 40 வெள்ளி கட்டிச் சேர்ந்தேன்.

உயர்நீதிமன்ற ஆணையை நிறைவேற்ற வரும் பெய்லிஃபை, அதாவது ஜப்தி செய்யும் நீதிமன்ற அலுவலரை, கீழ்நீதிமன்றம் தடுக்க முடியுமா என்ற ஒரே கேள்விக்கு ஆசிரியை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கினார். கட்டிய பணம் அதற்கே தகும். 2013 மார்ச் முதல் மலேசியாவில் கீழ்நீதிமன்றமான செஷன்ஸ் நீதிமன்றம் தடையாணை வழங்கலாம், பத்து லட்சம் வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிக்கலாம் என்று ஆனபின், அந்தத் தடையாணையை உயர்நீதிமன்ற அலுவலர் மீதும் பெறலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். நானும் அப்படியே எண்ணியிருந்தேன். பெய்லிஃப் தம் விருப்பத்துக்கு வருவதில்லை, அனுப்பிய நீதிமன்றத்தின் ஆணையைச் சுமந்து வருகிறார் என்பதால், அவரைத் தடுப்பது அந்த ஆணையையே தடுப்பதாகும். கீழ்நீதிமன்றங்களை மேற்பார்வையிடும் அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்கு உண்டே தவிர, அது மேல்நோக்கிச் செல்வதில்லை என்று ஆசிரியை விளக்கியபோது எனக்குத் தெளிவு பிறந்தது.

அதைவிடப் பயன்பட்டது அடுத்த பகுதி. கடன்பட்டவரின் கடையில் அவருடைய தங்கையின் தையல் இயந்திரங்களும் சேர்ந்து ஜப்தியாகிவிட்டால், தங்கை மாஜிஸ்திரேட்டிடம் ஓட வேண்டியதில்லை. பொருள் தமக்குரியது என்று ஆணைகளை நிறைவேற்றும் அலுவலரான ஷெரிப்புக்கோ பெய்லிஃபுக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கடன் கொடுத்தவர் அதை மறுத்தால், 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 17ஆம் ஆணைப்படி விவகாரம் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படும். இதை மாதிரிக் கடிதம் எழுதிக் காட்டியே கற்றுத்தந்தார்.

பிறர் சொத்தைப் பொறுப்பேற்று நிர்வகிக்க நீதிமன்றம் நியமித்த ரிசீவர் மீது அந்நீதிமன்றத்தின் அனுமதியின்றி வேறிடத்தில் வழக்குத் தொடுக்கலாகாது என்ற 1881ஆம் ஆண்டு அமெரிக்கத் தீர்ப்பான ‘பார்ட்டன் எதிர் பார்பர்’ வழக்கையும் தொட்டுச் சென்றார். அது நம் நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லவும் தவறவில்லை.

ஒரு குறை மனத்தை உறுத்துகிறது. சட்டப்படியான ஆணையை நிறைவேற்றும் அலுவலருக்கு 1964ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு பாதுகாப்பளிக்கிறது. ஆனால் ஆணையில் இல்லாததை அவர் செய்தால் என்ன ஆகும் என்பதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். பாதிக்கப்படுபவர் முதலில் கேட்பது அதைத்தான். குறிப்பேடும் மலாயில் மட்டுமே இருந்தது. 1807ஆம் ஆண்டுச் சாசனத்தால் நீதிமன்றம் பெற்ற ஊரில், தமிழில் நடத்தும் வகுப்புக்குத் தமிழில் நான்கு பக்கமாவது தந்திருக்கலாம். அந்தக் கடித மாதிரியை நானே தமிழாக்கி அலுவலகத்தில் வைத்திருக்கிறேன்.