ஸ்காட்லாந்து கோல்ஃப் ட்ரிப்: பழைய பங்களா ஹோட்டலா, பெரிய ரிசார்ட்டா, ஊருக்குள்ள பி அண்ட் பியா (ரூமும் காலை சாப்பாடும் மட்டும் தர்ற வீடு)?

ஸ்காட்லாந்துக்கு கோல்ஃப் ஆடப் போறவங்க எல்லாரும் எந்தெந்த கோர்ஸ்ல (கோல்ஃப் மைதானத்துல) ஆடலாம்னு மாசக்கணக்கா மண்டைய உடைச்சிட்டு, தங்குறத மட்டும் கடைசில பாத்துக்கலாம்னு விட்டுடறாங்க. ஒரு ரவுண்ட் நாலு, நாலரை மணி நேரத்துல முடிஞ்சிடும். கடல் காத்துல அடிபட்டு, மழைல நனைஞ்சு திரும்பி வந்து மிச்ச நேரத்த நீங்க கழிக்கப் போறது அந்த ரூம்லயும் அந்த டைனிங் ஹால்லயும்தான். நானும் மச்சானும் மூணு விதமாவும் தங்கிப் பாத்துட்டோம், அதனால இத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன்.

மொதல்ல பங்களா ஹோட்டல். எடின்பரோல இருந்து கிழக்க சுமார் 32 கிலோமீட்டர்ல கல்லன்னு ஒரு சின்ன ஊர், அங்க இருக்குற கிரேவால்ஸ்தான் இந்த வகைக்கு நல்ல உதாரணம். 1901ல கட்டின வீடு. கட்டினவர் எட்வின் லட்யன்ஸ், நம்ம டெல்லி ராஷ்ட்ரபதி பவன் டிசைன் பண்ணாரே அவரேதான். டெல்லில அவ்ளோ பிரம்மாண்டமா செஞ்ச மனுஷன், அதுக்கு முன்னாடி இங்க ஒருத்தர் லீவுக்கு வந்து கோல்ஃப் ஆடுறதுக்காக ஒரு அடக்கமான வீட்டக் கட்டிருக்கார், முகப்பு வளைஞ்சு நம்மள உள்ள கூப்பிடுற மாதிரியே இருக்கும். பக்கத்துலயே மியூர்ஃபீல்ட் கோர்ஸ். அப்புறம் 1924ல சர் ஜேம்ஸ் ஹார்லிக் இத வாங்கினார், நாம காலைல பால்ல கலக்கி குடிக்கிற அதே ஹார்லிக்ஸ் குடும்பம். 1948ல ஹோட்டலா மாறுச்சு.

இந்த மாதிரி வீட்டுல தங்குறதுல உள்ள சொகமே அது ஹோட்டல் மாதிரி இல்லாததுதான். லைப்ரரில நெருப்பு எரிஞ்சிட்டு இருக்கும், நீங்க பாட்டுக்கு ஒரு புக்க எடுத்துட்டு உக்காரலாம், சாயந்திரம் டீயோட ஷார்ட்பிரெட் வரும், ஈர ஷூவக் குடுத்தா காய வெச்சு காலைல குடுப்பாங்க. டின்னருக்கு முன்னாடி எல்லாரும் ஹால்ல கூடுவாங்க, இன்னிக்கு எந்த கோர்ஸ், காத்து எப்படின்னு தெரியாதவங்க கூட பேச ஆரம்பிச்சிடுவாங்க, மச்சானுக்கு மறுநாள் ஆட ஒரு ஜோடியே அப்படித்தான் கெடச்சது.

கொறையும் இருக்கு, மறைக்க வேண்டாம். பழைய வீடுங்கறதால ஒரு ரூம் மாதிரி இன்னொரு ரூம் இருக்காது, ஒரே காசுக்கு ஒருத்தருக்கு தோட்டம் பாத்த ரூம், இன்னொருத்தருக்கு மாடி மூலைல சின்னது. நாங்க தங்கின ஒரு பழைய வீட்டுல, பேர் வேண்டாம், காலைல எல்லாரும் ஒரே நேரத்துல குளிக்க வெந்நீர் நின்னு போச்சு. ஏழு மணி டீ டைம்க்கு (ஆட்டம் ஆரம்பிக்க நமக்குக் குடுக்கற நேரம்) கெளம்புறவங்களுக்கு முந்தின நாளே சொன்னாதான் காலை சாப்பாடு. சைவம் சாப்பிடறவங்க புக் பண்ணும்போதே எழுதிடுங்க, அங்க சமையல் மான், மீன், ஆட்டுக்கறி சுத்தியே போகும், முன்னாடியே தெரிஞ்சா நல்லாவே செஞ்சு குடுக்கறாங்க.

ரிசார்ட்னா க்ளெனீகிள்ஸ். பெர்த்ஷயர்ல, 1924ல ரயில்வே கம்பெனி ஆரம்பிச்ச ஹோட்டல், இன்னிக்கும் அதுக்குன்னு க்ளெனீகிள்ஸ்னே ஸ்டேஷன் இருக்கு, லண்டன்ல இருந்து இன்வர்னஸ் போற ரயில் அங்க நிக்கும். மூணு பெரிய கோர்ஸ்: ஜேம்ஸ் பிரெய்ட் போட்ட கிங்ஸ், குயீன்ஸ், அப்புறம் ஜாக் நிக்லஸ் போட்டது, ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதுற ரைடர் கப் 2014ல அதுலதான் நடந்துச்சு. வீட்டுல பாதி பேர் கோல்ஃப் ஆடலன்னா கண்ண மூடிட்டு இங்க போங்க, குதிரை, ஸ்பா, பருந்து பறக்க விடறதுன்னு பசங்களுக்கு பொழுது போயிடும். ஆனா ஒண்ணு, இது கடலோரம் இல்ல. லிங்க்ஸ் கோல்ஃப்ங்கறது கடலுக்கும் வயலுக்கும் நடுவுல இருக்குற மணல் பூமில, கெட்டியான தரைல பந்து உருண்டு உருண்டு போறது, அதுக்காகத்தான நாம அவ்ளோ தூரம் போறோம்? க்ளெனீகிள்ஸ் மலையடிவாரம், அழகு வேற மாதிரி அழகு. மொத தடவ ஸ்காட்லாந்து போய் அங்கயே மூணு நாள் ஆடிட்டு திரும்பி வந்தா லிங்க்ஸயே பாக்காம வந்த மாதிரி ஆயிடும்.

பி அண்ட் பின்னா நான் நார்த் பெர்விக்ங்கற கடலோர ஊரத்தான் சொல்லுவேன். எடின்பரோ வேவர்லில இருந்து ரயில்ல அரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, கார் வேணாம், பையத் தூக்கிட்டு நடந்தே வெஸ்ட் லிங்க்ஸ் கோர்ஸுக்குப் போயிடலாம். அங்க 13வது ஹோல்ல கிரீனுக்கு (குழி இருக்குற புல்தரைக்கு) முன்னாடி கல்சுவர் நிக்கும், 15வது ரெடான், உலகம் பூரா காப்பியடிச்ச பார் 3, அதாவது மூணு அடில முடிக்க வேண்டிய ஹோல். காசு பங்களால ஆகறதுல பாதிக்கும் கம்மியா முடியும், அந்த மிச்சத்துல இன்னொரு ரவுண்ட் ஆடலாம். செயின்ட் ஆண்ட்ரூஸ்க்கும் இதான் சரி, அங்க இருக்குற ஓல்ட் கோர்ஸ்ல ஆட பேலட்ல (குலுக்கல்ல) பேர் குடுத்தா ரெண்டு நாள் முன்னாடிதான் உங்களுக்கு இடம் கெடச்சுதா இல்லையான்னே தெரியும், ஞாயித்துக்கிழமை சாதாரணமா ஓல்ட் கோர்ஸ் மூடியிருக்கும், அப்படி எதுவும் உறுதியில்லாத ஊர்ல டின்னரோட சேத்து பெருசா ரூம் போட்டு மாட்டிக்க வேணாம்.

சரி, நான் எத எடுப்பேன்? மாசத்தப் பொறுத்துதான், இத யாரும் சொல்றதில்ல. ஜூன்ல அங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம், காத்து அடங்கி, கோர்ஸ்ல ஆளே இல்லாம, சாயந்திர ரேட்ல ரெண்டாவது ரவுண்ட் ஆடுறது வாழ்க்கைல மறக்காது. கல்லன் நம்பர் ஒன் கோர்ஸ்ல 7வது டீ (அந்த ஹோல்ல மொத அடி அடிக்கிற இடம்) மேல ஏறி நின்னா ஃபர்த் ஆஃப் ஃபோர்த்ங்கற கடல் முகம் பூரா தெரியும், அந்த நேரத்துல எட்டு மணி டின்னருக்கு கோட் மாட்டிட்டு உக்காந்திருந்தா மனசு வெளியதான் இருக்கும், நான் இருந்திருக்கேன், கஷ்டமா இருந்துச்சு. அதனால ஜூன், ஜூலைல பி அண்ட் பி. அக்டோபர்ல ஆறு மணி சுமாருக்கு இருட்டிடும், கை விரல் வெறச்சுப் போய் திரும்பி வர்றப்போ அந்த நெருப்பும் சூடான சூப்பும்தான் நாளோட நல்ல பகுதியே, பங்களாவுக்கு குடுக்கற ஒவ்வொரு காசும் அப்போ நியாயம். நவம்பருக்கு தள்ளாதீங்க, ஓல்ட் கோர்ஸ் மாதிரி எடத்துல குளிர் காலத்துல ஃபேர்வேல (ஹோலுக்குப் போற புல்வழில) பந்துக்கு அடில சின்ன பாய் போட்டு அடிக்க சொல்லுவாங்க.

மியூர்ஃபீல்ட் ஆடணும்னு ஆசைப்பட்டு கிரேவால்ஸ் போடறவங்களுக்கு: வெளியாளுங்களுக்கு அங்க செவ்வாயும் வியாழனும்தான், அதனால மொதல்ல டீ டைம் வாங்கிட்டு அந்த தேதிக்கு ரூம் போடுங்க. நாங்க ஒரு தடவ ரூம மொதல்ல போட்டு வெள்ளிக்கிழமை போய் இறங்கினோம், மூணு நாளும் கோர்ஸ பக்கத்துல இருந்தே பாத்துட்டு பஸ் ஏறினோம்.