பிரஷ் ரன்அபவுட்: மரச் சேஸிஸ் காரோடு பல வருடப் பழக்கம்

டெட்ராய்ட் பக்கம் குடியேறின பிறகு பழைய கார்கள் மேல் பித்துப் பிடித்து, கடைசியில் நான் வாங்கினது 1910ஆம் வருட பிரஷ் ரன்அபவுட், அதாவது திறந்த சின்ன இரண்டு இருக்கைக் கார். ஃபோர்டு மாடல் டி வாங்கியிருக்கலாமே, உதிரி பாகம் எங்கும் கிடைக்குமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் இத்தனை வருடம் ஓட்டின பிறகும் பிரஷ்ஷை விட எனக்கு மனம் வரவில்லை. அதைப் பற்றிப் பழைய கார் வட்டாரத்தில் உலவும் மட்டமான பேச்சு நியாயமில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பேச்சு என்னவென்றால், "பாடியும் மரம், அச்சும் மரம், சக்கரமும் மரம், ஓட்டமும் மரம்". ஆங்கிலத்தில் கடைசித் துண்டு "வுடன் ரன்", வேகமாகச் சொன்னால் "ஓடாது" (வுடன்ட் ரன்) என்று காதில் விழும். அந்தக் காலத்திலேயே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். மரம் என்பது நிஜம். சேஸிஸின், அதாவது வண்டியின் அடிக்கூட்டின், நீளச் சட்டங்கள் மரம், முன் அச்சு, பின் அச்சு இரண்டும் மரம். கேட்டவுடன் பயமாகத்தான் இருக்கும். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் இதை வடிவமைத்தவர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது புரியும். எஞ்சினின் விசை வண்டியின் குறுக்கே போகும் ஒரு தண்டுக்கு வந்து, அங்கிருந்து பக்கத்துக்கு ஒரு சங்கிலியாகப் பின் சக்கரங்களுக்குப் போகிறது. ஆகவே பின் அச்சு சுழல வேண்டியதே இல்லை, பாரத்தைத் தாங்கினால் போதும். பாரம் தாங்க மட்டும் என்றால் ஹிக்கரி என்ற உறுதியான அமெரிக்க மரம் தாராளமாகப் போதும். குதிரை வண்டிகள் பல தலைமுறையாக அப்படித்தானே ஓடின? அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதில் அந்தக் காலத்து மலிவு இரும்பைவிட ஹிக்கரி எவ்வளவோ மேல்.

வடிவமைத்தவர் அலன்சன் பிரஷ். லேலண்ட் அண்ட் ஃபால்கனர் கம்பெனியில் இருந்தபோது காடிலாக்கின் முதல் ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் வேலை செய்தவர். ஓக்லாண்ட் காரின் முதல் வடிவமும் அவருடையதுதான். அந்த ஓக்லாண்டை 1909இல் ஜெனரல் மோட்டார்ஸ் எடுத்துக்கொண்டது, பிற்பாடு பாண்டியாக் பிறந்ததும் அந்த வீட்டில்தான். ஃபிராங்க் பிரிஸ்கோ பணம் போட, 1907இல் மிச்சிகனில் பிரஷ் மோட்டார் கார் கம்பெனி தொடங்கியது. விலை 500 டாலர். மறு வருடம் வந்த மாடல் டி 825 டாலருக்குக் குறையாமல் விற்றது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால்தான் இந்த 500இன் அருமை தெரியும். எல்லாருக்குமான கார் என்று விளம்பரம் செய்தார்கள், அதற்கேற்ற விலையும் வைத்தார்கள்.

சரி, ஓட்டுவதற்கு எப்படி?

முதலில் ஸ்டார்ட் செய்வது. செல்ஃப் ஸ்டார்ட்டர் எல்லாம் அப்போது கிடையாது, முன்னால் நின்று ஹேண்டில் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கட்டைவிரல் பிசகும், முன்கை எலும்பே முறியும், அப்படி அடிபட்டவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். பிரஷ் இதற்கு ஒரு வழி கண்டார். மற்ற எஞ்சின்கள் சுற்றும் திசைக்கு நேர் எதிராக, இடஞ்சுழியாகச் சுற்றும்படி தன் எஞ்சின்களைச் செய்தார், வலது கைக்காரர் சுற்றும்போது உதை வாங்கினாலும் ஆபத்து குறையட்டும் என்று. முதலில் இந்தத் திசைக்குக் கையைப் பழக்குவது சிரமமாக இருந்தது, இப்போது மற்ற கார்களைச் சுற்றத்தான் தயக்கமாக இருக்கிறது. ஆனால் எதிர்த்திசை என்ற தைரியத்தில் ஸ்பார்க்கை (சிலிண்டரில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியை) தாமதமாக வைக்காமல் ஹேண்டிலைத் தொடக்கூடாது. யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்.

எஞ்சின் ஒரே சிலிண்டர், 4 அங்குல விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 5 அங்குலம், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர், தண்ணீர்க் குளிர்ச்சி. ஆரம்பத்தில் 6 குதிரைத்திறன், பிற்பாடு 10 வரை உயர்த்தினார்கள். நிற்கும்போது வண்டி முழுக்க உதறும், ஓட ஆரம்பித்ததும் அந்த அடி ஒரு சீருக்கு வந்துவிடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வரை நிம்மதியாகப் போகலாம், அதற்கு மேல் நான் விரட்டுவதில்லை. பிரேக் பின்பக்கம் மட்டும்தான் என்பதால் வேகத்தைவிட நிறுத்துவதைப் பற்றித்தான் எப்போதும் யோசனை. முன்னோக்கி இரண்டே கியர். மேடு வந்தால் கீழ் கியருக்கு இறக்கிப் பொறுமையாக ஏற வேண்டும், ஏறாமல் நின்றது இதுவரை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது சவாரிதான். அந்தக் காலத்துக் கார்கள் பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்க, பிரஷ்ஷில் நாலு மூலையிலும் சுருள் ஸ்பிரிங். அவை அமுங்கி வேலை செய்வதில்லை, இழுபட்டு வேலை செய்கின்றன. மண் ரோட்டில் மாடல் டியில் நண்பரோடு போயிருக்கிறேன், அதே ரோட்டில் பிரஷ்ஷிலும் போயிருக்கிறேன். குண்டும் குழியுமான இடத்தில் பிரஷ்தான் மென்மை, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பராமரிப்பு என்று வந்தால் பெரிய வேலை எஞ்சினில் இல்லை, மரத்தில். மிச்சிகன் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட இடத்தில் நிறுத்தினால் காற்று காய்ந்து ஆரக்கால்கள் சுருங்கிவிடும், வசந்தத்தில் எடுத்து ஓட்டும்போது சக்கரம் கிறீச்சிடும். அதனால் ஹீட்டர் இல்லாத ஷெட்டில்தான் வைக்கிறேன். மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் பூசுவது, சீசன் தொடங்கும்போது ஒருமுறையும் நடுக்கோடையில் ஒருமுறையும் சட்டத்து போல்ட்டுகளை இறுக்கிப் பார்ப்பது, சங்கிலிகளைக் கழற்றிக் கழுவி எண்ணெய் போடுவது, இவ்வளவுதான். அப்புறம் பெட்ரோல். இங்கே பங்க்கில் கிடைப்பதில் பெரும்பாலும் எத்தனால் கலந்திருக்கும், பழைய கார்புரேட்டரின் கார்க் மிதவை மேல் பூசிய அரக்கை அது கரைத்துவிடும். எத்தனால் இல்லாததைத் தேடிப் பிடிக்க வேண்டும், விலை கூடுதல்தான். முகப்பு விளக்கு கார்பைடில் தண்ணீர் பட்டு வரும் வாயுவில் எரிவது. ஏற்றிப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இன்றைய போக்குவரத்தில் அதை நம்பி இருட்டில் போகக்கூடாது.

உதிரி பாகம் கடையில் கிடைக்காது. மற்ற பிரஷ் உரிமையாளர்களிடம் கேட்க வேண்டும், அல்லது பழைய பாகத்தை மாதிரி வைத்து லேத் பட்டறையில் கடையச் சொல்ல வேண்டும். ஒரு பட்டறை செய்து கொடுத்த சங்கிலிப் பல்சக்கரம் அளவு பிசகி ஒரு கோடையே வீணானது. ஆனால் ஒற்றை, இரட்டை சிலிண்டர் கார்களுக்கென்றே சுற்றுலா நடத்தும் ஹார்ஸ்லெஸ் கேரியேஜ் கிளப் ஆட்கள் இருக்கிறார்களே, அவர்கள் தகவலும் தருவார்கள், தங்களிடம் இருக்கும் பாகத்தையும் தருவார்கள். செப்டம்பரில் டியர்பார்னில் கிரீன்ஃபீல்டு வில்லேஜில் நடக்கும் பழைய கார் விழாவுக்குக் கொண்டுபோனால், வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு "நிஜமாகவே மரமா?" என்று கேட்காத ஆள் இல்லை.

ஓட்டமும் மரம் என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். 1912இல் ஃபிரான்சிஸ் பர்ட்டில்ஸ் என்ற ஆஸ்திரேலியர், சிட் ஃபெர்குசன் என்பவரையும் ரெக்ஸ் என்ற நாயையும் ஏற்றிக்கொண்டு ஃப்ரிமேண்டிலில் இருந்து சிட்னி வரை ஒரு கண்டத்தையே கடந்தார். மேற்கிலிருந்து கிழக்காக ஆஸ்திரேலியாவைக் கார் கடந்தது அதுதான் முதல் தடவை. 28 நாள். பாதிக்கு மேல் ரோடே இல்லாத தேசம். கார் எது? ஒற்றை சிலிண்டர் பிரஷ்.

அப்படியானால் கம்பெனி ஏன் 1913ஐத் தாண்டவில்லை? மரத்தால் இல்லை என்பதுதான் என் உறுதியான கருத்து. ஃபிராங்க்கின் அண்ணன் பெஞ்சமின் பிரிஸ்கோ மேக்ஸ்வெல் காரின் பின்னால் இருந்தவர், அதற்கு முன்னால் பியூக்குக்கும் பணம் போட்டவர். ஜெனரல் மோட்டார்ஸ் மாதிரி தானும் ஒன்று கட்ட வேண்டும் என்று 1910இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் மோட்டார் கம்பெனி என்று ஆரம்பித்து மேக்ஸ்வெல், கொலம்பியா, ஸ்டாடர்ட்-டேட்டன், பிரஷ் என்று வாங்கிச் சேர்த்தார். ஒன்றுக்கொன்று பொருந்தாத கார்கள், கடனோ மலை மாதிரி. 1912 செப்டம்பரில் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்கு எல்லாம் போனது. பிறகு வால்டர் ஃபிளாண்டர்ஸ் என்ற கார்த் தொழிலதிபர் வந்து மேக்ஸ்வெல்லை மட்டும் காப்பாற்றினார் (1925இல் கிரைஸ்லர் ஆனது அதுதான்), மற்றதை எல்லாம் மூடினார்கள், பிரஷ்ஷும் அதில் போனது.

இன்னொரு பக்கம் ஃபோர்டு. 1912 மாடல் டி ரன்அபவுட் 590 டாலருக்கு வந்துவிட்டது, அதே வருடக் கடைசியில் 525. நாலு சிலிண்டர், 20 குதிரைத்திறன். இதற்குப் பக்கத்தில் 500 டாலர் ஒற்றை சிலிண்டர் எப்படி நிற்கும்? லிபர்டி பிரஷ் என்று 350 டாலருக்கு ஒன்றை இறக்கிப் பார்த்தார்கள். தாய்க் கம்பெனி தெம்பாக இருந்திருந்தால் அந்த விலையில் இன்னும் சில வருடம் தாக்குப்பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன், ஆனால் ஒற்றை சிலிண்டரின் காலம் எப்படியும் முடிந்துகொண்டுதான் இருந்தது.

யாராவது வாங்க நினைத்தால்: பெயிண்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். பின் அச்சில் ஸ்பிரிங் மாட்டும் இடத்தையும் போல்ட் துளைகளைச் சுற்றியும் டார்ச் அடித்து விரிசலோ உளுத்ததோ இருக்கிறதா என்று பாருங்கள், நாலு சக்கரத்தையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். எஞ்சின் ஓடவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, அதைச் சரிசெய்துவிடலாம். அச்சு போயிருந்தால், சரியான ஹிக்கரி தேடி இழைத்துக் கொடுக்க ஆள் கிடைத்த பிறகு முன்பணம் கொடுங்கள்.