சர்வீஸ் முடிந்ததும் எரிந்த செக் இன்ஜின் விளக்கு: ஒரு பழைய காரும் ஒரு மலிவு ஸ்கேனரும்

சர்வீஸுக்கு விடும்போது எரியாத செக் இன்ஜின் விளக்கு, வண்டி திரும்பி வந்த சில நாளில் எரிந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எதையெல்லாம் கழற்றி மாட்டினீங்க?" என்பதுதான். எந்த சென்சார் போச்சு என்று கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம். இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒரு பழைய காரையும் ஒரு மலிவு ஸ்கேனரையும் வைத்துக்கொண்டு ஓட்டிய அனுபவம் இது.

வண்டி 2012 மாடல், 1.8 லிட்டர் பெட்ரோல் செடான், மேனுவல் கியர். கோயம்புத்தூரில் ஒரே ஓனர் கையில் இருந்தது. கம்பெனி பெயரைச் சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும், இந்த விஷயத்தில் வண்டி மீது குற்றமும் இல்லை. வாங்கியதும் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் முழு சர்வீஸுக்கு விட்டேன். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், நாலு ஸ்பார்க் பிளக், அதோடு இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் பாடியின் க்ளீனிங். பில்லில் இருந்த இந்த வரிகள்தான் பின்னால் பெரிய உதவியாக இருந்தன. எந்த சர்வீஸாக இருந்தாலும் பில்லில் வேலையை விவரமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "ஜெனரல் சர்வீஸ்" என்று ஒரே வரியில் போட்டுக் கொடுத்தால் பிறகு எதையும் பிடிக்க முடியாது.

வண்டி எடுத்து வந்த அன்று விளக்கு இல்லை. சில நாள் கழித்து, அவிநாசி ரோடு சிக்னலில் நிற்கும்போது எரிந்தது. "சர்வீஸ் பண்ணும்போது நல்லாத்தான இருந்துச்சு" என்று மெக்கானிக் சொன்னால் அது பெரும்பாலும் உண்மைதான். பல கோளாறுகளுக்கு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியு முதல் தடவையே விளக்கைப் போடாது. ஒரு ஓட்டத்தில் கோளாறைக் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் விளக்கு வரும். ஒர்க்‌ஷாப்காரர் தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்பதில் அது சிக்காது. விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வரை ஓட்டி வரலாம். மினுக்கி மினுக்கி எரிந்தால் அது மிஸ்ஃபயர், அதாவது ஏதோ சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். ஓரமாக நிறுத்திவிட வேண்டியதுதான். ஆயில் பிரஷர், டெம்பரேச்சர் விளக்குகள் சிவப்பில் வந்தால் அது வேறு கதை, அங்கே யோசிக்கவே கூடாது.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். ஸ்கேனரை மாட்டினார், கோளாறுக் கோட் எண்ணைப் பார்த்தார், அழித்தார்.

"ஆக்ஸிஜன் சென்சார் வீக் ஆயிருச்சுங்க சார். இந்த வயசு வண்டிக்கு அப்படித்தானுங்க. இப்பத்திக்கு அழிச்சு விட்டிருக்கேன், மறுபடியும் வந்தா மாத்திக்கலாம்."

மறுபடியும் வந்தது. சென்சாருக்கு அவர் சொன்ன விலை, கூலி சேர்க்காமலே ஐந்தாயிரத்தைத் தாண்டியது. அந்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, போனையே ஸ்கேனராக்கும் ஒரு இஎல்எம்327 புளூடூத் அடாப்டர் கிடைக்கும் என்பதால் அதை வாங்கினேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, டிரைவர் முழங்கால் பக்கத்தில் 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அடாப்டரை அதில் செருகி, போனில் டார்க் (Torque) அல்லது கார் ஸ்கேனர் ஆப்பைப் போட்டால் போதும். எனக்கு வந்த கோட் பி0171. கலவை லீன், அதாவது காற்று கூடி பெட்ரோல் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கோட் எந்தப் பாகத்தையும் பெயர் சொல்லிக் காட்டுவதில்லை. காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைந்தாலும் இதே கோட்தான், பெட்ரோல் பம்ப் தளர்ந்தாலும் இதுதான், ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கு படிந்தாலும் இதுதான். கோட் எண்ணைக் கூகிளில் போட்டு முதலில் வருகிற பாகத்தை வாங்கி மாட்டுவதும், மெக்கானிக் ஸ்கேனரைப் பார்த்ததும் "சென்சார்" என்பதும் ஒரே ரகம்.

கோடோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒன்று பதிவாகியிருக்கும். கோளாறு பதிவான நொடியில் வேகம் எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு என்று இசியு எடுத்து வைத்த குறிப்பு. கோட் எண்ணை அழித்தால் இதுவும் போய்விடும். பேட்டரியைக் கழற்றினாலும் பெரும்பாலும் போய்விடும். ஒர்க்‌ஷாப்பில் முதலில் நடந்தது அதுதான். இரண்டாவது தடவை என் கைக்குக் கிடைத்தது: வேகம் பூஜ்யம், ஆர்பிஎம் 700 சொச்சம், கூலன்ட் 88 டிகிரி. சூடேறிய வண்டி, சிக்னலில் நிற்கிறது, ஐடிலிங்கில். பாதி விடை அங்கேயே இருந்தது.

மீதிப் பாதி ஃப்யூவல் டிரிம். வாங்கிய அடாப்டருக்குக் கொடுத்த காசு இந்த ஒரு எண்ணுக்கே தகும். ஏர் ஃப்ளோ சென்சார் சொல்லும் காற்றளவுக்குக் கணக்குப் போட்டு இசியு பெட்ரோல் விடுகிறது. எரிந்து வரும் புகையை முன்பக்க ஆக்ஸிஜன் சென்சார் பார்த்து, காற்று மிச்சம் இருக்கிறது என்றால் பெட்ரோலைக் கூட்டச் சொல்கிறது, சாம்பார் நீர்த்துப் போனால் பொடியைக் கூடப் போடுகிற மாதிரி. எவ்வளவு கூட்டியது, குறைத்தது என்பதைத்தான் டிரிம் சதவீதத்தில் காட்டும். ஷார்ட் டேர்ம் நொடிக்கு நொடி ஆடும். லாங் டேர்ம் பழகிப் போன திருத்தம். இரண்டையும் கூட்டிப் பார்த்து, மைனஸ் 10க்கும் பிளஸ் 10க்கும் நடுவில் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை.

என் வண்டியில் ஐடிலிங்கில் லாங் டேர்ம் 19, ஷார்ட் டேர்ம் 6. ஆக 25 சதவீதம் கூடுதல் பெட்ரோல். ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தால் கூட்டுத்தொகை மெல்ல இறங்கி 5க்கு வந்தது. இந்த இறக்கத்தைக் கவனியுங்கள். திராட்டில் மூடியிருக்கும்போதுதான், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டுக்குள் வேக்கம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, அதிகம். ஓட்டை இருந்தால், ஏர் ஃப்ளோ சென்சார் கணக்கில் வராத காற்றை அங்கே இழுக்கும். உள்ளே போகும் மொத்தக் காற்றே குறைவான நேரம் என்பதால் அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் ஏறி, காற்று நிறையப் போகும்போது அதே ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தால் நேர்மாறாக, மேட்டில் ஏறும்போதும் ஓவர்டேக் எடுக்கும்போதும் டிரிம் கூடியிருக்கும். ஆக்ஸிஜன் சென்சார் பொய் சொன்னால் ஐடிலிங், ஓட்டம் என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் சொல்லியிருக்கும். சென்சாரை மாற்ற வேண்டியதில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளுக்குத்தான் அப்படியே பொருந்தும். நம் ஊர் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் அதற்குப் பதில் மேனிஃபோல்டு பிரஷரை அளக்கும் மேப் சென்சார்தான் இருக்கிறது. அவற்றில் திருட்டுக் காற்றும் பிரஷர் கணக்கில் வந்துவிடும். லீன் கோடுக்குப் பதில் ஐடிலிங் ஏறிக் கிடப்பது, ஏறி இறங்குவது என்று வேறு மாதிரி காட்டும்.

சரி, ஓட்டை எங்கே? பில்லை எடுத்துப் பார்த்தேன். ஏர் ஃபில்டர் மாற்றியதால் ஏர் பாக்ஸ் கிளிப்புகளைப் பார்த்தேன், சரியாகப் பூட்டியிருந்தன. ஏர் ஃப்ளோ சென்சார் பிளக், டிப் ஸ்டிக், ஆயில் மூடி எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆயில் மூடி சரியாக இறுகாவிட்டாலும் இந்த வகை இன்ஜினில் லீன் கோட் வரலாம் என்பது பலருக்குத் தெரியாது. அடுத்து திராட்டில் பாடி. அதைக் கழற்ற வழியில் இருக்கும் ஹோஸ்களை உருவியாக வேண்டும். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸ், பத்து வருடத்துக்கு மேல் இன்ஜின் சூட்டில் வெந்து பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப் போயிருந்தது.

சந்தேகத்தைத் தீர்க்க யூடியூபில் கார்ப் க்ளீனரை அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் தீப்பிடிக்கிற திரவத்தை அடிக்க எனக்குத் தைரியம் இல்லை. துணி சுற்றிய கட்டிங் பிளேயரால் ஒவ்வொரு ஹோஸாக லேசாக நசுக்கி, ஷார்ட் டேர்ம் டிரிம்மைப் பார்த்தேன். பிரேக் பூஸ்டர் ஹோஸில் மாற்றமில்லை. பிசிவி ஹோஸை நசுக்கியதும் பிளஸ் 6 சில நொடியில் மைனஸ் பக்கம் விழுந்தது. கழற்றிப் பார்த்தால், வால்வு பக்க முனையின் அடியில், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் ஒரு கீறல். உருவும்போது திருகியதில் பிளந்திருக்கிறது. கிளிப்பும் அதன் பழைய தடத்திலிருந்து விலகி உட்கார்ந்திருந்தது.

முனையில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டினேன். அதற்கு ஹோஸில் நீளம் இருந்தது. புது ஹோஸ் ஆர்டர் போட்டு வந்தபோது விலை சில நூறு ரூபாய்தான். கோட் எண்ணை வேண்டுமென்றே அழிக்கவில்லை. சரியாகியிருந்தால் தொடர்ந்து மூன்று ஓட்டத்தில் கோளாறு தெரியாதபோது இசியு தானாக விளக்கை அணைக்க வேண்டும். அணைத்தது. லாங் டேர்ம் மெதுவாக 4 பக்கம் வந்து நின்றது.

அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பழைய ஹோஸைக் காட்டினேன். மெக்கானிக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தார். "அடப் போங்க சார், இத மேல பார்த்தா எப்படிங்க தெரியும்?" என்றார். அதுவும் நியாயம்தான். வரிசையில் வண்டிகள் நிற்கும்போது ஒரு விளக்குக்காக ஒரு மணி நேரம் டிரிம் பார்க்க அவருக்குக் கட்டாது. அந்த ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுக்க நாமும் தயாராக இல்லை. பாகத்தை மாற்றினால் கொடுக்கிறோம். இப்போதும் அங்கேதான் சர்வீஸுக்கு விடுகிறேன். ஆனால் எந்தக் கோட் வந்தாலும் அழிப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அடாப்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் நகல்கள். முதலில் வாங்கியது கனெக்ட் ஆகும், விடும், ஆகும், விடும். திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினேன். ஐபோன் வைத்திருப்பவர்கள் பழைய வகை புளூடூத் உள்ளதை வாங்கினால் ஜோடி சேராது, வைஃபை அல்லது புளூடூத் லோ எனர்ஜி உள்ளதைப் பார்த்து வாங்க வேண்டும். ஓபிடி சாக்கெட்டின் 16ஆவது பின்னில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி கரன்ட் இருக்கும். அடாப்டரைச் செருகியபடியே விட்டுவிட்டு வாரக்கணக்கில் வண்டியை எடுக்காமல் போட்டால் பேட்டரி இறங்கும். ஏபிஎஸ், ஏர்பேக் கோளாறுகளைப் பொதுவான ஆப்கள் பெரும்பாலும் படிக்காது, அதற்கு ஒர்க்‌ஷாப் ஸ்கேனர்தான்.

இப்போது சொந்தக்காரர்கள் பழைய வண்டி பார்க்கப் போனால் என்னையும் கூப்பிடுகிறார்கள். சாவியை ஆன் பண்ணியதும், ஸ்டார்ட் செய்யும் முன், செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன். எரியாவிட்டால் பல்பையே பிடுங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் இசியு தன் சோதனைகளை முடித்துவிட்டதா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டர்களும், கோட் அழித்த பிறகு ஓடிய கிலோமீட்டர் என்ற எண்ணும். வண்டி காட்ட வரும் முந்தைய நாள் அழித்திருந்தால் மானிட்டர்கள் முடியாமல் நிற்கும், கிலோமீட்டர் இரண்டு இலக்கத்தில் இருக்கும். கேட்டால் "பேட்டரி மாத்தினோம்ங்க" என்பார்கள். மாற்றியும் இருக்கலாம், பேட்டரியின் தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மச்சானின் சின்ன ஹேட்ச்பேக்கிலும் ஏர் ஃபில்டர் மாற்றிய கையோடு விளக்கு வந்தது. கோட் பி0113. லைவ் டேட்டாவில் உள்ளே போகும் காற்றின் சூடு மைனஸ் 40 டிகிரி; பொள்ளாச்சியில், மத்தியான வெயிலில். சர்க்யூட் திறந்து கிடந்தால் சென்சார் காட்டும் கடைசி எண் அது. பானெட்டைத் திறந்தால் சென்சார் பிளக் ஏர் பாக்ஸ் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. செருகினேன், 40க்கு மேல் பிளஸ்ஸில் காட்டியது. "இதுக்குத்தான் மாப்ள வண்டிய ரெண்டு நாள் விடச் சொன்னாங்களா?" என்றார்.

என் வண்டியில் லாங் டேர்ம் இப்போது 7, 8 பக்கம் நிற்கிறது. ஓட்டை எதுவும் இல்லை, நசுக்கியும் பார்த்தாயிற்று. காரணம் இப்போதைய பெட்ரோல். சுத்த பெட்ரோலுக்கு, எடைக் கணக்கில், ஒரு பங்குக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். இப்போது போடுகிற, 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 போதும். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் விட வேண்டியிருக்கிறது, அது டிரிம்மில் தெரிகிறது. 2012 வண்டிக்கு இதனால் லீன் கோட் வரும் எல்லை கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறது. முன்பு தாங்கிய சின்னக் கசிவைக்கூட இனி விளக்காகக் காட்டலாம். அதனால் அடுத்த சர்வீஸில் பிரேக் பூஸ்டர் ஹோஸையும், டேங்க் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குக் கொண்டுவரும் பர்ஜ் லைன் ஹோஸையும் முன்கூட்டியே மாற்றச் சொல்லியிருக்கிறேன். பூஸ்டர் ஹோஸ் கடையில் இருக்கிறது, பர்ஜ் லைனுக்கு மட்டும் ஆர்டர் போட்டிருக்கிறார்கள்.