சுரைக்காயில் சோதித்த கத்தரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கயிற்றால் கட்டி விளையாடுகிற விஷயம், வயது வந்த இரண்டு பேர், இருவருக்கும் சம்மதம், தாழ்ப்பாள் போட்ட அறை. ஷிபாரி என்பார்கள், பாண்டேஜ் என்பார்கள். ஆர்வமில்லாதவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம். ஆர்வமுள்ளவர்கள் கயிறு வாங்க எவ்வளவு அலைகிறார்களோ அதில் பத்தில் ஒரு பங்குகூட அதை அவசரத்துக்கு அறுக்கிற கருவிக்காக அலைவதில்லை. நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

எங்கள் வீட்டில் கட்டுகிறவர் என் கணவர், கட்டப்படுகிறவள் நான். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, கை இரண்டையும் பின்னால் வைத்து, மேல் கையைச் சுற்றி மார்போடு சேர்த்து ஒரு கட்டு. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் சுருசுருவென்றது. "ஏங்க, கை மரக்குது" என்றேன். அவர் உடனே அவிழ்க்கத்தான் பார்த்தார், ஆனால் அது பருத்திக் கயிறு, வியர்வை பட்டு முடிச்சு கல் மாதிரி இறுகிவிட்டது. கத்தரிக்கோல் எங்கே? சமையலறையில். எந்த டப்பாவில்? அது யாருக்கும் தெரியாது. தேடி எடுத்துவந்து, கூர்முனையை என் கைக்கும் கயிற்றுக்கும் நடுவே நுழைத்தபோது தோலில் கீறல் விழுந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். சுருசுருப்பு இரண்டு நாளில் போய்விட்டது. என் அதிர்ஷ்டம்.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டோம். மேல் கையின் பின்பக்கமாக எலும்பை ஒட்டி ஓடி வெளிப்பக்கம் வருகிற ரேடியல் நரம்பு அங்கே அழுத்தத்துக்குச் சுலபமாக மாட்டும். அது அடிபட்டால் மணிக்கட்டை மேலே தூக்க முடியாமல் கை தொங்கிப்போகும், சரியாக வாரங்களோ மாதங்களோ ஆகலாம். ரத்த ஓட்டம் குறைந்தால் கை நீலம் பாரிக்கும், சில்லிடும், கண்ணுக்குத் தெரியும். நரம்பு அப்படியில்லை, நிறமெல்லாம் நன்றாகவே இருக்கும்போதே அது பாழாகிக்கொண்டிருக்கும். இரண்டு விரல் நுழைகிற இடைவெளி விட்டுவிட்டால் போதும் என்று நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். அது ரத்த ஓட்டத்துக்குச் சரி, நரம்புக்கு உத்தரவாதமில்லை.

சரி, கருவிக்கு வருகிறேன். முதலில் ஆன்லைனில் ஒரு சீட் பெல்ட் கட்டர் வாங்கினோம், கார் கண்ணாடி உடைக்கிற சின்ன சுத்தியலும் கூடவே உள்ளது. படத்தில் பார்க்க ஜோராக இருந்தது. வந்த பிறகு பார்த்தால் அதன் வாய் பட்டையான பெல்ட் நுழைகிற அளவுக்குத்தான் இருக்கிறது, எங்கள் 6 மில்லிமீட்டர் உருண்டைக் கயிறு உள்ளேயே போகவில்லை. திருப்பி எடுக்கமாட்டோம் என்றுவிட்டார்கள். இப்போது அது கார் வைத்திருக்கும் மச்சினரிடம் இருக்கிறது, அதுதான் அதற்குச் சரியான இடம்.

பிறகு ஒரு சனிக்கிழமை, இங்கே மும்பையில், மாட்டுங்கா ரோட்டில் ஸ்லோ லோக்கல் ரயில் ஏறி மரைன் லைன்ஸில் இறங்கி பிரின்சஸ் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தோம். மருந்து, சர்ஜிக்கல் சாமான் எல்லாம் கிடைக்கிற தெரு அது. ஒரு சின்னக் கடையில் என் கணவர் "பேண்டேஜ் கைஞ்சி" என்று கேட்டார், இந்தியில் கைஞ்சி என்றால் கத்தரி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஒரு எழுத்து மாற்றிச் சொல்லியிருந்தால் உண்மையைச் சொன்னதாகியிருக்கும். கடைக்காரர் ஆம்புலன்ஸ்காரர்கள் வைத்திருக்கிற ட்ராமா ஷியர்ஸை எடுத்துப் போட்டார், ஆரஞ்சுப் பிடி, சுமார் 19 சென்டிமீட்டர், 280 ரூபாய். கூடவே வாய் கொஞ்சம் அகலமான ஹூக் கட்டர் ஒன்றும் வாங்கினோம், 450. கயிறு அங்கிருந்து மஸ்ஜித் பந்தர் போய் வாங்கியது, 6 மில்லிமீட்டர் சணல், நூற்கும்போது தெளிக்கிற எண்ணெய் வாசனை போக இரண்டு வாரம் பால்கனியில் தொங்கியது.

வீட்டுக்கு வந்ததும் என் கையில் சோதிக்க இவர் தயாராக இல்லை, நானும் கையை நீட்டத் தயாராக இல்லை. ஃபிரிட்ஜில் ஒரு சுரைக்காய் இருந்தது. இளசு, நகம் பட்டால் கீறல் விழுகிற தோல். அதைச் சுற்றி இறுக்கிக் கட்டி மூன்று கருவியையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம்.

சமையலறைக் கத்தரி: நுனி நுழையும்போதே சுரைக்காயில் ஓட்டை. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மடக்குக் கத்தி வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது கேட்டால் அந்த ஓட்டையைக் காட்டுவேன்.

ஹூக் கட்டர்: ஒற்றைக் கயிறு விறைப்பாக இருந்தால் ஒரே இழுப்பு, சரக்கென்று போய்விடுகிறது, கத்தரியைவிட வேகம். பிளேடு வளைவுக்குள்ளே மறைந்திருப்பதால் தோலிலும் படவில்லை. ஆனால் நாம் கட்டுவதோ கயிற்றை இரட்டையாக மடித்து. இரண்டு இழையும் சேர்ந்து வாயில் அடங்கவில்லை, ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்கவேண்டியிருந்தது. தளர்ந்த கயிறென்றால் அறுபடாமல் கூடவே இழுபட்டு வருகிறது. மோசமில்லை, ஆனால் இதை மட்டும் நம்பி இருக்கமாட்டேன்.

ட்ராமா ஷியர்ஸ்: கீழ் அலகின் நுனி வாத்து மூக்கு மாதிரி தட்டையாக, மழுங்கி இருக்கும். பிடி வளைந்திருப்பதால் அலகை உடம்போடு படுக்கவைத்தபடியே நகர்த்தலாம். இறுகிய கயிற்றுக்கு அடியில் கொஞ்சம் ஆட்டி ஆட்டித்தான் நுழைந்தது, நுழைந்த பிறகு கவலையில்லை. அலகில் நுண்ணிய பல் இருக்கிறது, சணல் வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டு வெட்டு, இரட்டைக் கயிறும் போய்விட்டது. விளக்கைப் போட்டு சுரைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், லேசாக ஒரு கோடு, கீறல் இல்லை. மறுநாள் கூட்டு வைத்தாயிற்று.

ஆக என் தேர்வு அந்த 280 ரூபாய்தான். வெளிநாட்டிலிருந்து வந்த சிநேகிதி ஒருத்தி லெதர்மேன் ராப்டர் என்கிற கத்தரி வைத்திருக்கிறாள். மடக்கலாம், மோதிரம் அறுக்கலாம், ஆக்ஸிஜன் சிலிண்டர்கூடத் திறக்கலாம். அழகான சாமான், எனக்கும் ஆசைதான். ஆனால் அவசரத்தில் அதைப் பிரித்து விரிக்கிற அந்த இரண்டு விநாடி எனக்குப் பிடிக்கவில்லை.

எதை வாங்கினாலும் உங்கள் கயிற்றில், உங்கள் கையால் ஒருமுறை அறுத்துப் பாருங்கள், இடது கையாலும். முடிச்சையே அறுக்கப் போகாதீர்கள், அது தடிமன். முடிச்சுக்குப் பக்கத்தில் ஓடுகிற சுற்றை அறுத்துவிட்டு மீதியைப் பிரித்து எடுக்கலாம். ஆளைத் தொங்கவிட்டுக் கட்டுகிற வேலை நாங்கள் செய்வதில்லை. செய்கிறவர்கள் பாரம் தாங்குகிற கயிற்றை அறுக்குமுன் ஆளைத் தாங்கிப் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் காப்பாற்றப்போய்க் கீழே போட்டுவிடுவீர்கள். கழுத்தில் கயிறு எந்தக் கத்தரி இருந்தாலும் கிடையாது. குடித்துவிட்டும் கிடையாது. கட்டிவிட்டு, காலிங் பெல் அடிக்கிறது என்று எழுந்து போகிற பேச்சும் கிடையாது, பால்காரர் நிற்கட்டும்.

இப்போதெல்லாம் சில நிமிஷத்துக்கு ஒருமுறை இவர் தன் இரண்டு விரலை என் உள்ளங்கையில் வைப்பார், நான் அழுத்திப் பிடிக்கவேண்டும், பிறகு மணிக்கட்டைப் பின்பக்கமாக வளைத்துக் காட்டவேண்டும். கால் கட்டென்றால் பாதத்தை மேலே தூக்கிக் காட்டவேண்டும், ஏனென்றால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் இன்னொரு நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. பிடி தளர்ந்தாலோ சுருசுருத்தாலோ பேச்சே கிடையாது, அவிழ்க்க வந்தால் அவிழ்ப்பது, வராவிட்டால் அறுப்பது. கயிறு மீட்டர் 20 ரூபாய். அதற்குப் பிறகும் மணிக்கட்டு எழவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் போய், நடந்ததை வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். வாயில் துணி இருந்தால் பேச முடியாது, அதனால் என் கையில் சாவிக்கொத்து, அது விழுந்தால் நிறுத்தம்.

குறை என்று பார்த்தால் கத்தரிக்குக் கடற்காற்று ஆகவில்லை, மூன்றே மாதத்தில் ரிவெட் இறுக ஆரம்பித்தது, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டதும் சரியானது. உறை எதுவும் தரவில்லை. கட்டில் தலைமாட்டில் ஆணி அடித்து மாட்டியிருந்தோம், இருட்டிலும் கை போகிற உயரத்தில். தீபாவளிக்கு திருநெல்வேலியிலிருந்து மாமியார் வந்தபோது அதைக் கழற்றி மறைக்க மறந்துபோனோம். ஊருக்குக் கிளம்புகிற அன்று பார்த்தால் ஆரஞ்சுக் கத்தரி அடுப்பு மேடையில் கிடக்கிறது, பத்து நாளாகப் பால் பாக்கெட், கூரியர் கவர், முருங்கைக்காய் எல்லாம் அதில்தான். "நல்ல கத்தரிம்மா, கையைக் குத்தவே மாட்டேங்குது" என்றார். சணலில் போட்டுப் பார்த்தேன், கடித்துக் கடித்துத்தான் அறுத்தது. அதை அவருக்கே கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்த சனிக்கிழமை பிரின்சஸ் ஸ்ட்ரீட் போய் இன்னொன்று வாங்கினோம். இந்த முறை கறுப்புப் பிடி.