மூடி திறக்காத ஷேக்கரும் எஸ்பிரெஸ்ஸோ மார்ட்டினியும்: இரண்டு வருட அனுபவம்

நான் வசிக்கும் ரெயூனியனில் (இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு), சேன் பியேர் ஊரில் இருக்கும் என் காரைக்கால் நண்பன் போன வாரம் ஒரு படம் அனுப்பி, "மச்சான், நீ வச்சிருக்கிற அதே ஷேக்கர் 27 யூரோவிலிருந்து 18க்கு இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டான். ஒரு வரியில் பதில் போடப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு வருடமாக வாரத்துக்கு ஒரு தடவையாவது அதைக் கையில் எடுக்கிறேன், அதன் மேல் அவ்வளவு பிரியமும் இருக்கிறது, அவ்வளவு கோபமும் இருக்கிறது.

பானத்தை ஐஸோடு குலுக்கிக் கலக்கும் மூன்று துண்டு எஃகு ஷேக்கர் அது. கீழே நீளமான குவளை, நடுவில் சல்லடையோடு கூடிய தோள், மேலே சின்ன மூடி. நான் வாங்கியது எஸ்பிரெஸ்ஸோ மார்ட்டினிக்காக மட்டுமே. 1980களில் லண்டனில் டிக் பிராட்செல் என்ற பார் ஊழியர் உருவாக்கிய பானம் அது. 50 மில்லி வோட்கா, 30 மில்லி காப்பி லிக்கர் (காப்பி மணமுள்ள இனிப்பு மது), 10 மில்லி சர்க்கரைப் பாகு, அப்போதுதான் இறக்கிய ஒரு எஸ்பிரெஸ்ஸோ, நிறைய ஐஸ். இதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும், அளவில் பெரிய சூட்சுமம் எதுவும் கிடையாது. எல்லாம் நுரையில்தான் இருக்கிறது.

புதுச்சேரியில் வளர்ந்தவன் நான். டபராவிலிருந்து டம்ளருக்கு ஒரு முழ உயரத்தில் ஆற்றி, மேலே நுரை நிற்காத காப்பியை எங்கள் வீட்டில் யாரும் காப்பி என்று ஒத்துக்கொண்டதில்லை. இந்த மார்ட்டினியும் அப்படித்தான். கருப்பாக இருக்கிற பானத்துக்கு மேலே ஒரு விரல் உயரம் வெளிர் பழுப்பு நுரை நிற்க வேண்டும், மூன்று காப்பிக்கொட்டையை வைத்தால் மூழ்காமல் அப்படியே உட்கார வேண்டும். இல்லையென்றால் அது குளிர்ந்த காப்பியில் கலந்த சாராயம், அவ்வளவுதான்.

என்னிடம் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் இல்லை. கேஸ் அடுப்பில் வைக்கும் மோக்கா பாட்தான். இயந்திரம் 9 பார் அழுத்தத்தில் காப்பியைப் பிழிகிறது என்றால் மோக்கா பாட்டில் ஒன்றரை பார் வந்தாலே அதிகம், அதனால் காப்பி இறங்கும்போது மேலே நுரை ஏறக்குறைய இருக்காது. அப்புறம் வருகிற நுரை முழுக்கக் குலுக்கலில்தான் பிறக்க வேண்டும். இந்த இடத்தில் ஷேக்கரைப் பாராட்டியே ஆக வேண்டும். பெரிய ஐஸ் கட்டிகளாக ஏழெட்டு போட்டு, காப்பியைச் சூடாகவே ஊற்றி, உடனே மூடி, பதினைந்து விநாடி மூச்சுப் பிடித்துக் குலுக்கினால், மோக்கா காப்பியிலேயே பட்டு மாதிரி நுரை வந்துவிடுகிறது. கொட்டை மட்டும் புதிதாக வறுத்ததாக இருக்க வேண்டும். வறுத்த கொட்டைக்குள் தங்கியிருக்கும் கரியமிலவாயுதான் நுரைக்குப் பெரிய துணை, பழைய பொட்டலத்தில் அது எப்போதோ பறந்து போயிருக்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளை ஃபில்டரில் டிகாக்ஷன் இறக்கியும் போட்டுப் பார்த்தேன். சுவை அபாரம், ஆனால் நுரை மெலிந்து சீக்கிரம் அடங்கிவிட்டது.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

குலுக்கி முடித்த உடனே அந்தச் சின்ன மூடி கழலாது. பத்தில் ஏழு தடவை கழலாது, கணக்காகவே சொல்கிறேன். காரணம் புரியாமல் இல்லை. சூடான காப்பியை ஊற்றி மூடும்போது உள்ளே இருக்கும் காற்றும் சூடு. ஐஸோடு குலுக்கியதும் அது சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்று மூடியை உள்ளே தள்ளி அழுத்துகிறது, எஃகும் குளிரில் சுருங்கித் தோளைக் கவ்விக்கொள்கிறது. வெளிப்பக்கம் முழுக்கப் பனி பூத்து விரல் வழுக்கும். துணி சுற்றித் திருகுவேன், உள்ளங்கையால் தட்டுவேன், மேஜை விளிம்பில் மெல்ல இடிப்பேன். ஒரு நிமிடம், சில நாள் இரண்டு நிமிடம். அதற்குள் உள்ளே இருக்கும் நுரை பிரிந்து மேலே ஏறி, பெரிய குமிழிகளாகி உடைந்துகொண்டிருக்கும், ஐஸ் உருகித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். பதினைந்து விநாடியில் கஷ்டப்பட்டு உண்டாக்கிய ஒன்றை அந்த மூடி என் கண்ணெதிரே கெடுக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேறு பானமாக இருந்தால் பொறுத்துக்கொள்வேன். நுரைக்காகவே குடிக்கிற பானத்தில் இது சின்னக் குறை ஆகாது.

போகப் போக ஒரு வழி பிடிபட்டது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடியைச் சுற்றி மட்டும், கீழே குவளையில் படாமல், பத்து விநாடி பிடித்தால் மூடி கொஞ்சம் விரியும். அப்போது கட்டை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் 'டப்' என்று ஒரு சத்தம், காற்று உள்ளே போகும், அவ்வளவுதான். இன்னொன்று, தோளை முதலில் பொருத்திவிட்டு, சின்ன மூடியைக் கடைசியில் அழுத்தாமல் மெதுவாக வைப்பது. இதனால் பாதி நாள் தப்பிக்கலாம், ஆனால் குலுக்கும்போது கொஞ்சம் ஒழுகும், சட்டையில் காப்பிக் கறை நிச்சயம்.

2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் தீவை அடித்துப் போட்டது. மறுநாள் எங்கள் தெருவில் கரண்டும் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. அன்று முழுக்க அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து விழுந்த லிச்சி மரத்தை வெட்டி அப்புறப்படுத்தினோம். சாயங்காலம் ஃப்ரீசரில் ஐஸ் உருக ஆரம்பித்திருந்தது, கேஸ் அடுப்பு மட்டும் இருந்தது. உருகி வீணாவதற்குள் குடித்துவிடலாம் என்று மோக்கா பாட்டை ஏற்றினேன். முதல் ரவுண்டு குலுக்கினேன், மூடி பிடித்துக்கொண்டது. வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைத் துணி நனைக்கச் செலவு செய்ய மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு மலபார் அம்மா (தமிழ் வம்சாவளிக்காரர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்; தமிழ் பேச வராது, தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான், ஆனால் வீட்டில் மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றாத நாள் கிடையாது) என் போராட்டத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் கழுவி வைத்த ஒரு ஜாம் ஜாடியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். குவாவியே என்கிற சின்னச் சிவப்புக் கொய்யா ஜாம் போட்டிருந்த ஜாடி, திருகு மூடி.

அதில்தான் அடுத்த ரவுண்டு. கண்ணாடி வழியாக நுரை பிறப்பதை அன்றுதான் முதல் முறை பார்த்தேன். கருப்பாக அலைந்த காப்பி ஐந்தாறு குலுக்கலில் பழுப்பாகி, பத்தாவது குலுக்கலில் ஜாடி முழுக்கக் கூழ் மாதிரி கெட்டியானது. ஒரு திருகு, மூடி வந்துவிட்டது. ஊற்றி, தேநீர் வடிகட்டியில் வடித்தேன். ஷேக்கரில் வருவதைவிட நுரை கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஊற்றும்போது முழுசாக இருந்தது. எட்டுப் பேர் குடித்தோம். அந்த அம்மா ஒரு மடக்கு குடித்துவிட்டு, சர்க்கரை போதாது என்றார்.

மதுவைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே வோட்கா கடல் தாண்டி வர வேண்டும், இறக்குமதிச் சரக்கின் மேல் ஒக்த்ருவா த மேர் வரி வேறு. ஷாரெத் வெள்ளை ரம் எந்தக் கடையிலும் கிடைக்கும், 49 டிகிரி என்பதால் 40 மில்லி போதும். காப்பி லிக்கரையும் வாங்குவதை விட்டுவிட்டேன். அதே ரம்மில் லேசாக நொறுக்கிய காப்பிக்கொட்டை, பிளந்த ஒரு வனிலா, சர்க்கரை, மூன்று மாதம் அலமாரி இருட்டு. ஊர்க்காரர்கள் ரம்மில் பழம், மசாலா ஊறவைத்துப் போடும் ரம் அராஞ்ஜே முறைதான். கடையில் வாங்குவதைவிட இதுதான் எனக்குப் பிடிக்கிறது. ஒரே ஒரு தவறு செய்தேன், பூர்போன் புவாந்த்யு என்ற இந்தத் தீவின் அராபிகா வகைக் காப்பிக்கொட்டையை இதில் போட்டது. கஃபைன் சாதாரண அராபிகாவில் பாதிதான், ராத்திரி குடித்தாலும் தூக்கம் கெடாது என்று நினைத்தேன். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்மையான காப்பி சர்க்கரையிலும் ரம்மிலும் காணாமல் போனது. அதை வெறும் காப்பியாகக் குடியுங்கள், தயவுசெய்து.

ஷேக்கருக்கு நியாயமாகச் சொல்வதென்றால் துரு இல்லை, சல்லடை வளையவில்லை, நாலு தடவை கீழே விழுந்தும் நெளியவில்லை. அதில் வரும் குளிர்ச்சி ஜாடியில் வராது. நல்ல நாளில் அது கொடுக்கும் நுரையை வேறு எதுவும் எனக்குக் கொடுத்ததில்லை. இருந்தும், மச்சான், வாங்காதே. 18 யூரோவுக்கும் வேண்டாம், 10க்கு வந்தாலும் வேண்டாம். நேற்று ராத்திரிகூட இரண்டு நிமிடம் அதோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், நாளைக்கு எழுதியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. ஷேக்கர் வேண்டும்தான் என்றால் ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற இரட்டைக் குவளையாகப் பார், ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் கழன்றுவிடும் என்கிறார்கள் பாரில் வேலை செய்கிறவர்கள்.

சனிக்கிழமை வருகிறாய் அல்லவா, வரும் வழியில் அந்த வாரம் வறுத்த கொட்டை கால் கிலோ வாங்கி வா. ஐஸ் நான் வெள்ளிக்கிழமையே போட்டு வைக்கிறேன், ஜாடியும் கழுவி வைத்திருக்கிறேன்.