தொண்டைத் துளைக்கு ட்யூபா, ஒட்டுத் தட்டா?

குரல்வளையை முழுவதும் எடுத்தவர்கள் கழுத்துத் துளை வழியாகத்தான் மூச்சு விடுகிறார்கள். வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே கிடையாது. மூக்கில் கிளிப் மாட்டி, வாயால் ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி இவர்களுக்கு ஆகாது. நான் மதுரையில் இந்த ஊதல் டெஸ்ட் எடுக்கிறேன். மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வருகிறவர்களில் பலர் வருடக்கணக்கில் பீடி பிடித்தவர்கள். நுரையீரலும் அடிபட்டிருக்கும், அதனால் அளவு சரியாக வந்தே ஆக வேண்டும்.

மெஷினைத் துளையோடு இணைக்க, பேபி மாஸ்க்கைத் துளைமேல் அழுத்திப் பிடிக்கலாம். மலிவு, எப்போதும் கையில் இருக்கும். ஆனால் மேடுபள்ளமான கழுத்தில் ஓரமாகக் காற்று போய்விடும்.

பலூன் வைத்த ட்யூபைத் துளைக்குள் விட்டால் கசிவு இல்லை. முதலில் எனக்கும் இதுதான் பிடித்திருந்தது. சிக்கல் அதன் குறுகலில். 8 மில்லிமீட்டர் ட்யூப் மூச்சுக்குழாயைவிட ரொம்பக் குறுகல். காற்று சீராக ஓடும்போதே விட்டம் பாதியானால் தடை 16 மடங்காகும். வேகமாகத் தள்ளும்போது சுழலும் சேர்ந்து இன்னும் கூடும். மெஷின் வரையும் காற்றோட்ட வளைவின் உச்சி மழுங்கித் தட்டையாக வரும், முதல் நொடியில் வெளிவரும் காற்றும் குறையும். குறைத்தது நோயா ட்யூபா என்று எப்படிப் பிரிப்பது? போதாததற்கு இருமல் வேறு. நல்ல ஊதல் மூன்று வேண்டும், அதில் சிறந்த இரண்டு 150 மில்லிக்குள் ஒத்துவர வேண்டும்.

அதனால் ஒட்டுத் தட்டுக்கு மாறினேன். துளையைச் சுற்றி ஒட்டி, அடாப்டர் வைத்து மெஷினோடு இணைப்பது. உள்ளே எதுவும் போகாது. ட்யூபில் நாலு தடவையும் இருமிய ஒரு பெரியவருக்கு இதை ஒட்டிவிட்டு "ஊதுங்க" என்றேன். பழக்கத்தில் உதட்டைக் குவித்தார். "வாயை விட்டுருங்க பெரியப்பா, நெஞ்சுல இருந்து ஒரே தள்ளாத் தள்ளுங்க" என்றேன். மூன்று ஊதலும் ஒன்றுபோல வந்தன. பேச முடியாதவர், என் கையைப் பிடித்து அழுத்தினார்.

சித்திரை வெயிலில் வியர்வைதான் எதிரி. தோலைத் துடைத்து, முழுக்கக் காயவிட்டு ஒட்டி, விரலால் ஓரம் முழுக்க நீவி, ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் தொடங்குவேன். விலை கூடத்தான், ஒரு தடவைதான் ஒட்டும்.

துளை ஆழமாக உள்வாங்கியவர்கள், கதிர்வீச்சில் தோல் இறுகியவர்கள் என நாலைந்து பேரைத்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்குத் தட்டு பிடிக்காமல் ட்யூபுக்கே போனோம். அப்படிப் போனால் ட்யூப் அளவை ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடுங்கள்; அடுத்த முறையும் அதே அளவுதான் போட வேண்டும்.